நாலாம் நம்பர் கடைக் கோழி

கோழி என்ன நிறம் என்று இருபத்திரண்டு வயது வரை எனக்குத் தெரியாது. உயிரோடு மேய்கிற கோழியைச் சொல்லவில்லை. அது திருவனந்தபுரத்துக் கரமனையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஆற்றங்கரையில் வெள்ளையும் சிவப்புமாகத் திரியும், பார்த்திருக்கிறேன். நான் சொல்வது அறுத்து, உரித்து, கடையில் தொங்கவிட்ட கோழி. அந்தப் பக்கம் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று எங்கள் அக்ரகாரத்தில் நடை பழகும்போதே பழக்கிவிடுவார்கள். நானும் ஒழுங்காகத் திருப்பிக்கொண்டுதான் வளர்ந்தேன்.

அப்படிப்பட்டவளைப் பிடித்து, வாரா வாரம் கோழிக்கால் வாங்கி வரும் வேலையில் போட்டார்கள்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நுண்ணுயிரியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊரிலேயே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. அங்கே தலைமை ஒரு மலையாளி மேடம். சுருட்டை முடி, காட்டன் புடவை, எதிலும் அவசரம். அவர் துரத்திக்கொண்டிருந்தது மருந்துக்கு அடங்காத கிருமிகளை. வியாதிக்குக் கொடுக்கிற மருந்தைக் கோழித் தீவனத்தில் கலந்து கலந்து கொடுத்தால், கிருமிகளுக்கு அது பழகிப்போய்விடுகிறது. அந்தக் கிருமி கோழியோடு கடைக்கு வரும், கடையிலிருந்து வீட்டுக்கு வரும், கழுவின தண்ணீரோடு தோட்டில், அதாவது ஊர்க் கால்வாயில், இறங்கும். நாளைக்கு நமக்குக் காய்ச்சல் வந்து டாக்டர் அதே மருந்தைக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. எந்தக் கடையில், எந்தத் தோட்டில், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கவில்லை என்று வாரா வாரம் பார்த்து எழுத வேண்டும். மேடம் நகரத்தைப் பங்கு போட்டார். கழக்கூட்டம் பக்கத்தை அங்கேயே குடியிருந்த இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்தார். எனக்கு வந்தது சாலைக் கம்போளம் என்கிற பெரிய கடைத்தெருவில் கோழிக்கடை ஒன்று, அதோடு பக்கத்துத் தோட்டுத் தண்ணீர். அந்தக் கோழிக்கடைக்கு எங்கள் நோட்டில் நாலாம் நம்பர்.

வீட்டில் என்ன சொல்வது? தண்ணீர் டெஸ்ட் செய்கிற வேலை என்றேன். பாதி உண்மைதானே. அம்மா அதையே தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள். அப்பா மட்டும் ஒரு கண்டிஷன் போட்டார். ஆறு மாதம் முடிந்து வேலையை நீட்டித்தால் சரி. இல்லாவிட்டால் சென்னையில் அத்திம்பேர் ஆபீசில் டைப் அடிக்கப் போக வேண்டும். அத்திம்பேர் ஆபீசை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னல் இல்லாத அறை, பேசாத நாலு பேர், பேசிக்கொண்டே இருக்கிற அத்திம்பேர். அங்கே போவதைவிடக் கோழிக்கால் எவ்வளவோ மேல் என்று தோன்றியது. ஆனால் நான் கோழிக்கடை வாசலில் நிற்கிறேன் என்று எங்கள் தெருவில் ஒரே ஒருத்தர் கண்ணில் பட்டாலும் போதும், ஆறு மாதம் வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

மேடம் ஒரு விதியை முதல் நாளே மண்டையில் ஏற்றினார். எதற்கு வாங்குகிறோம் என்று கடைக்காரருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்கள், சாம்பிள் கெட்டுப்போகும். மற்றவர்களைப் போல வாங்கு, மற்றவர்களைப் போல வா என்றார். சொல்வதற்கென்ன, சுலபம்.

முதல் செவ்வாய்க்கிழமை பழவங்காடியில் பஸ் இறங்கினேன். பிள்ளையாருக்கு அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கம்போளத்துக்குள் நுழைந்து, நாலாம் நம்பர் கடை இருந்த சந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நெற்றியில் சந்தனம், தலையில் பிச்சிப்பூ, தோளில் தெர்மாகோல் ஐஸ் பெட்டி. கடைக்குள் போகக் கால் வரவில்லை. எதிர்ச் சாரியில் ஒரு கயிற்றுக் கடையை ஒட்டி நின்றுகொண்டு, கோழிக்கடையைப் பாராமல் பார்த்தேன். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். கட்டம் போட்ட லுங்கி, காதில் பென்சில், பின்னால் சுவரில் வேத வசனம் போட்ட காலண்டர். பாறசாலைப் பக்கத்துத் தமிழர் என்று வாயைத் திறந்ததும் தெரிந்தது. அவரே சந்தின் குறுக்கே வந்து, என்ன வேணும் மக்களே என்று சொந்தப் பிள்ளையைக் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்.

ரெண்டு கால் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. தோலோடு வேண்டும் என்றும் சொன்னேன். கிருமி தோலில்தான் அதிகம் என்பதால் மேடம் அப்படிக் கேட்கச் சொல்லியிருந்தார். அவர் என் சந்தனத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, இங்கேயே நில்லு என்று தலையை அசைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்து, நியூஸ் பேப்பரில் சுற்றி மேலே கவர் போட்டு எடுத்து வந்து, பெட்டியைத் திறக்கச் சொல்லி அவரே உள்ளே வைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு காசைக் கொடுத்தேன். எவ்வளவு மரியாதையான மனுஷர் என்று பஸ்ஸில் உட்கார்ந்து உருகினேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் இதே கதைதான். நான் கயிற்றுக் கடைப் பக்கம் நிற்பேன், அவர் பொட்டலத்தோடு வருவார். ஆள் நடமாட்டம் இருந்தால் கொஞ்சம் சத்தமாக, சொன்ன கத்தரிக்கா ரெடி மக்களே என்பார். தமாஷான ஆள் என்று நினைத்துக்கொண்டேன். யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை.

ஆய்வகத்தில் என் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். மூக்கில் இரண்டு மாஸ்க் கட்டிக்கொள்வேன். பொட்டலத்தைப் பிரித்து, இடுக்கியால் காலைப் பிடித்து, கிருமி வளர்கிற சூப்பு நிறைந்த பைக்குள் அரைக் கண்ணை மூடியபடி போட்டுக் குலுக்குவேன். அந்தச் சூப்பில் ஒரு சொட்டு எடுத்துப் பிளேட்டில் தடவி, மேலே மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகிதப் பொட்டுகளை ஒட்டி வைப்பேன். பார்க்க ஸ்டிக்கர் பொட்டு மாதிரியே இருக்கும். மருந்து பலித்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வட்டம் தெளிவாக விழும். பலிக்காவிட்டால் கிருமி பொட்டை முட்டிக்கொண்டு வந்து நிற்கும். கழக்கூட்டம் பெண்ணின் பிளேட்டுகளில் பாதிக்குப் பாதி முட்டிக்கொண்டு நின்றது. என் நாலாம் நம்பர் பிளேட்டில் வட்டம் விழுவதற்கே கிருமி இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் இரண்டு வாரம் என்றால் தற்செயல். மூன்று மாதமாக இப்படி என்றால் அதில் ஏதோ இருக்கிறது. மருந்தே போடாத ஏதோ ஒரு மலையடிவாரப் பண்ணையிலிருந்து அந்தக் கடைக்குக் கோழி வருகிறது என்று ஒரு கொள்கை கட்டினார். கோழி எங்கேயிருந்து வருகிறது என்று சும்மா பேச்சோடு பேச்சாக விசாரித்து வா என்று என்னை அனுப்பினார். விசாரித்தேன். எல்லாக் கடைக்கும் வருகிற அதே லாரிதான். மேடம் அசரவில்லை. அப்படியானால் கடைத் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்றார். ஆறாவது மாத முடிவில் பெரியவர்கள் கூடுகிற கூட்டத்தில் வாசிக்கப்போகிற அறிக்கையில் நாலாம் நம்பர் கடைக்குத் தனிப் பக்கமே ஒதுக்கினார். என் வேலையை நீட்டிப்பதும் அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகும். நல்ல சாம்பிள் கொண்டுவருகிற பெண் என்று என்னைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தார். அதை எட்டிப் பார்த்துவிட்டு நான் இரண்டு நாள் மிதந்தேன்.

கூட்டத்துக்கு ஒன்றரை வாரம் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை மேடம் என் மேஜைப் பக்கம் வந்தார். நான் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தேன். அவர் குனிந்து பார்த்தார். இடுக்கியை வாங்கி ஒரு காலைத் திருப்பிப் போட்டார்.

“இதாரா வேவிச்சே?” என்று கேட்டார்.

யாரும் வேகவைக்கவில்லை மேடம், கோழி இப்படித்தானே இருக்கும் என்றேன். வெளுத்து, ஓரத்தில் மஞ்சள் ஏறி, தோல் சுருங்கி. ஐந்து மாதமாக நான் பார்த்த கோழி அதுதான். மேடம் இடுக்கியைக் கீழே வைத்தார். காண்டீனிலிருந்து சமைக்காத கோழிக்கால் ஒன்று வரவழைத்து, பக்கத்தில் வைத்தார். இளஞ்சிவப்பாக, ஈரமாக, எலும்பு ஓரத்தில் ரத்தத்தோடு இருந்தது. நுண்ணுயிரியலில் முதல் வகுப்பு வாங்கியவளுக்குப் பச்சைக் கோழி என்ன நிறம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மேடம் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நாலாம் நம்பர் கடையின் ஐந்து மாதமும் அடிபட்டுப் போயிற்று என்றார். கூட்டத்துக்கு முன்னால் அந்தக் கடையிலிருந்து கழுவாத, வேகாத, எல்லோருக்கும் கொடுக்கிற கோழி ஒரு தடவையாவது வர வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லாமல் அந்தக் கடையை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு ஏன் எடுத்தேன் என்று எழுத வேண்டியிருக்கும். அதை எழுதிய பிறகு உன்னை வைத்துக்கொள்ளச் சொல்லி நான் எந்த முகத்தோடு கேட்பது என்றார். அதை மென்மையாக வேறு சொன்னார். பஸ்ஸில் வரும்போது அத்திம்பேர் குரல் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போனேன். கூட்டம் வெள்ளிக்கிழமை. கிருமி வளர்ந்து முடிவு தெரிய இரண்டு நாளாவது வேண்டும். இதைவிட்டால் வேறு செவ்வாய் கிடையாது. கயிற்றுக் கடையிடம் நிற்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் தடவையாகக் கடைக்குள் ஏறினேன். உள்ளே ஸ்டவ்வில் ஒரு அலுமினியக் குண்டான் கொதித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் நிறத் தண்ணீர், புளித்த வாடை. அவர் இரண்டு கால்களை ஒரு கம்பியில் கோத்து அதில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தார்.

இது யாருக்கு என்று கேட்டேன். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். நான் உள்ளே வந்ததில் அவருக்கு என்னைவிடப் பதற்றம். அவசரமாகப் போய் முன்பக்கத்துச் சாக்குத் திரையை இழுத்துவிட்டார்.

“ஒனக்குத்தான் மக்களே. வேற ஆருக்கு?”

பிறகு சொன்னார். முதல் நாளே அவருக்குப் புரிந்துவிட்டதாம். சாமி வீட்டுப் பிள்ளை, நாக்குக்கு ஆசை, வீட்டில் கேட்க முடியாது, பாவம் பெட்டியில் ஒளித்து எடுத்துப் போகிறது. பச்சைக் கறியை ரத்தத்தோடு கொண்டுபோனால் வாடை வரும், தெருவே கூடிவிடும். அதனால்தான் மஞ்சளும் உப்பும் வினாகிரி என்று அவர் சொன்ன வினிகரும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் முக்கி, பாதி வேகவைத்துத் தருகிறார். வினாகிரி யோசனை அவர் மனைவியுடையது. அந்த அம்மாளைத் தவிர வேறு ஓர் உயிருக்கும் இந்த விஷயத்தை அவர் சொன்னதில்லை. கத்தரிக்காய் என்று கத்தியதும் அதற்காகத்தான். ஐந்து மாதமாக எனக்கென்று ஒரு குண்டான் தனியாக வைத்திருக்கிறார்.

என் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. நாங்கள் உண்மையைச் சொல்லாமல் மறைத்தால் சாம்பிள் சுத்தமாக இருக்கும் என்று நினைத்தோம். நாங்கள் மறைத்ததாலேயே அது இவ்வளவு சுத்தமாகிப்போனது.

இன்றைக்கு அதில் முக்காமல் கொடுங்கள் என்றேன். முடியாது என்றார். கெஞ்சினேன். அசையவில்லை.

“பழக்கமில்லாத கையாக்கும். சரியா வேவாத கறியத் தின்னு நீ வயித்தால போயி கெடந்தா ஆரு பொறுப்பு?”

வேறு வழியில்லை. மேடத்தின் விதியை அங்கேயே அந்த ஸ்டவ் பக்கத்தில் போட்டு உடைத்தேன். கல்லூரி, கிருமி, தீவனத்தில் கலக்கிற மருந்து, நாலாம் நம்பர், வெள்ளிக்கிழமைக் கூட்டம், கழுவாத கோழி கிடைக்காவிட்டால் என் வேலை போய்விடும் என்பது வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் லுங்கி முனையில் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடையைப் பூட்டிவிடுவார்களா என்றுதான் முதலில் கேட்பார் என்று நினைத்தேன். உங்கள் பேர் எங்கேயும் வராது, தப்பு உங்கள் மேல் இல்லை, லாரி ஏறும் முன்பே கோழிக்குள் இருக்கிற கிருமி அது என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் ஐஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பம் அஞ்சு மாசமா ஒரு துண்டுகூடத் தின்னலியா மக்களே?”

என்ன சொல்வது? குலுக்கின சூப்போடு எல்லாவற்றையும் கொதிக்கவைத்துக் குப்பையில் கொட்டினோம் என்றா? அந்த முகத்தைப் பார்த்தபடி அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அப்போதுதான் உண்மையை முழுக்கக் கொட்டியிருந்தேன், அடுத்த மூச்சில் புளுகினேன். ஒரு தடவை தின்றேன், நன்றாக இருந்தது என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. எப்படி வைத்தாய் என்று கேட்டார். நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்? மெல்லிசாக நறுக்கி, உப்பும் மஞ்சள்பொடியும் பிசறி, தேங்காயெண்ணெயில் கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்து, கறிவேப்பிலை போட்டு மொறுமொறுவென்று வறுத்தேன் என்று ஒப்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். உளுத்தம்பருப்பு வந்த இடத்தில் வாய் கோணியது. கறிவேப்பிலையில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

“அது வாழைக்காயாக்கும் மக்களே.”

எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அவர் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குண்டானை ஸ்டவ்விலிருந்து இறக்கி வைத்தார். தட்டில் வியாபாரத்துக்கு வைத்திருந்த கால்களைக் காட்டி, உனக்கு வேண்டியதை நீயே எடு என்றார். நான் கண்ணைத் திறந்துகொண்டே இரண்டை எடுத்தேன். சில்லென்று வழுக்கியது. கவரில் கட்டிக் கொடுத்தார்.

“ஒன் சோலி போயிரப்பிடாது” என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை காலை பிளேட்டைத் திறந்தால், காகிதப் பொட்டுகளில் பாதியைக் கிருமிகள் முட்டிக்கொண்டு நின்றன. மற்றக் கடைகளுக்கு நாலாம் நம்பர் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. மனுஷருக்கே கடைசி நம்பிக்கையாகக் கொடுக்கிற ஒரு மருந்தைக்கூட அந்தக் கிருமிகள் சட்டை செய்யவில்லை. மேடம் அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினார். தனிப் பக்கத்தில் இருந்த மலையடிவாரப் பண்ணை போய், கடைக்காரரின் கொதிநீர்க் குண்டான் வந்தது. முக்கின வாரங்களுக்கும் முக்காத வாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் சிரித்துச் சிரித்து ஒரு பெரியவருக்குப் புரையேறியதாம். நல்ல சாம்பிள் கொண்டுவருகிற பெண் என்ற வரியை மேடம் அடித்துவிட்டார். ஆனாலும் வேலையை ஒரு வருஷம் நீட்டித்தார்கள். அத்திம்பேர் வேறு யாரையோ டைப் அடிக்கப் பிடித்துக்கொண்டார்.

ஒன்றை நான் யோசித்திருக்கவில்லை. விஷயம் தெரிந்த கடையில் இனி சாம்பிள் எடுக்க முடியாது என்று மேடம் நாலாம் நம்பரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். அடுத்த வாரம் முதல் எனக்குப் பட்டம் பகுதியில் வேறொரு கடை. அங்கே கண்ணாடி போட்ட ஆள், முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எடை போட்டுத் தள்ளிவிடுவார். மற்றவர்களைப் போல வாங்கினேன், மற்றவர்களைப் போல வந்தேன். செவ்வாய்க்கிழமை வந்தால் மனசு சாலைக் கம்போளத்துக்கு ஓடியது. போகத்தான் வெட்கமாக இருந்தது. அந்தக் குண்டானை அவர் என்ன செய்தாரோ, மனைவியிடம் என்ன சொன்னாரோ என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன்.

ஒன்றரை மாதம் போனபின் ஒரு நாள் பெட்டியில்லாமல் போனேன். பட்டப்பகல், சந்து நிறைய ஜனம். கயிற்றுக் கடையைத் தாண்டி நேரே அவர் வாசலில் போய் நின்றேன். என்னைக் கண்டதும் அவர் கத்தியைக் கீழே வைத்தார். சோலி நிலைத்ததா போனதா என்று கேட்டார். நிலைத்தது என்றேன். நல்லா வேவிச்சுத் தின்னா ஒண்ணும் வராதில்லையா என்று கேட்டார். வராது, ஆனால் வெட்டின கையையும் கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்றேன். கழுவிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று கையை விரித்துக் காட்டினார். அதற்குள் நாலைந்து பேர் கோழி வாங்க வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். அவர் கண் சந்தின் இரண்டு பக்கமும் ஓடியது.

“என்ன வேணும் ஒனக்கு?” என்றார் தாழ்ந்த குரலில்.

ஒன்றும் வேண்டாம், சும்மா பார்க்க வந்தேன் என்றேன்.

“சும்மா இஞ்ச வந்து நிக்கப்பிடாது. ஒங்க தெருவுல ஆராவது கண்டா, கோழி தின்னுதுன்னு சொல்லுவாவ. போ மக்களே.”

அப்பாவை நினைத்தேன். அம்மாவை நினைத்தேன். என்னைப் பற்றி இந்த ஊரில் இத்தனை கவலைப்பட்ட மூன்றாவது ஆள் இவர்தான்.

“சொல்லட்டும்” என்றேன்.

அவர் லுங்கி முனையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து வந்து துடைத்து வாசலில் போட்டார். நான் உட்கார்ந்தேன்.